அட்டைப் பெட்டிக்குள் ஒரு பீமசேனன்

டோக்கியோவிலிருந்து மேற்கே ஷிஸுவோகா நகரத்துக்குப் போக நினைக்கும் நேயர்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. அவசரத்தில் 'நொஸோமி' ரயிலில் ஏறி உட்கார்ந்து விடாதீர்கள். அது அந்த ஊரை ஏறெடுத்தும் பாராமல் நகோயாவை நோக்கிப் பறந்துவிடும். ஷிஸுவோகாவில் நிற்கிற 'ஹிகாரி' வண்டியைக் கேட்டு ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணம். எல்லா ஸ்டேஷன்களையும் நலம் விசாரித்துக்கொண்டு போகும் 'கொடாமா' என்றால் ஒன்றரை மணி. வலது பக்கத்து ஜன்னலாகப் பார்த்து உட்காருங்கள். மேகம் தயவு வைத்தால் பாதி வழியில் பூஜி மலை தரிசனம் கிடைக்கும்.

தேயிலைத் தோட்டம், ஆரஞ்சு, பச்சைக் காரமான வஸாபிக் கிழங்கு, கறுத்த குழம்பில் கொதிக்கும் 'ஓடென்' இவைதாம் ஷிஸுவோகாவின் புகழ் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லும். நாங்கள் போனது இவை எதற்காகவும் அல்ல. பொம்மை வாங்கப் போனோம்!

பொம்மை வாங்க இவ்வளவு தூரமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என்னுடன் வந்தவள் அக்காவின் பெண், வயது பதினொன்று. டோக்கியோவில் ஓடைபா என்ற கடலோரப் பகுதியில் 2017ஆம் வருஷம் ஒரு ராட்சத ரோபோவை நிறுத்தினார்கள். 'குண்டம்' என்று அதற்குப் பெயர். உயரம் 19.7 மீட்டர், அதாவது நம் ஊர் ஆறு மாடிக் கட்டடம் அளவு. அதை அண்ணாந்து பார்த்தவள் கழுத்தை இறக்கவேயில்லை.

"சித்தி, இதை வீட்டுக்குக் கொண்டு போக முடியுமா?"

"முடியும். ஆனால் துண்டு துண்டாகத்தான் தருவார்கள். நீயேதான் பொருத்த வேண்டும்."

அன்று இரவே டெலிபோனில் அக்காவிடம் அனுமதி கேட்டாள். அக்கா என்னை அழைத்து, "இதோ பார், இவள் எதையும் உருப்படியாக முடித்ததில்லை. வீணை வர்ணத்தோடு நிற்கிறது. தலையணை உறையில் மயிலுக்குக் கழுத்து வரைதான் தையல். அதோடு கத்தி கித்தி எதையும் கையில் கொடுத்துவிடாதே. ரோபோவெல்லாம் பையன்கள் சமாச்சாரம். ஒரு நல்ல ஜப்பான் பொம்மையாக வாங்கிக் கொடு, போதும்" என்றாள். குழந்தையின் காது பக்கத்திலேயே இருந்தது என்பது அக்காவுக்குத் தெரியாது. அவள் ஒன்றும் பேசவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் காலை நான் ஷிஸுவோகாவுக்கு இரண்டு டிக்கட் எடுத்தேன்.

ஜப்பானில் தயாராகும் பிளாஸ்டிக் மாடல்களில் எண்பது சதவீதத்துக்கு மேல் இந்த வட்டாரத்திலிருந்துதான் வெளியே போகிறது. தமியா, ஹஸெகாவா, ஆவோஷிமா, ஃபுஜிமி, பண்டாய் என்று இந்தத் தொழிலில் பெரிய கைகளெல்லாம் இங்கே கூடியிருக்கின்றன. ஊருக்கும் அதில் பெருமை உண்டு. வீதியோரத்தில் ஒரு தபால் பெட்டியைப் பார்த்தோம். மாடல் பெட்டியைத் திறந்தால் துண்டுகள் ஒரு சட்டத்தில் தொங்குமே, அதே மாதிரி ஆள் உயரச் சட்டத்தில் பாகம் பாகமாகத் தபால் பெட்டி தொங்குகிறது! நடுவில் இருப்பது நிஜமான பெட்டி, கடிதம் போடலாம். ஒரு பொதுத் தொலைபேசிக்கும் இதே அலங்காரம் செய்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் மே மாதத்தில் மாடல் கண்காட்சி ஒன்றும் நடக்கிறது. 1959இல் ஆரம்பித்த வழக்கம்.

இத்தனை ஊர் இருக்க, ஏன் இந்த ஊர்? இதற்கு விடை தேடினால் நாம் நானூறு வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. ஜப்பானை ஒரு குடைக்கீழ் ஆண்ட தொக்குகாவா இயெயாஸு, அதிகாரத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, கடைசிக் காலத்தை இங்கே கழித்து 1616இல் காலமானார். அவருக்காகக் குனோ மலைமேல் எழுப்பிய கோயில் மறு வருஷமே கட்டி முடிந்தது. அடிவாரத்திலிருந்து 1,159 கற்படிகள். (ஏறிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், முழங்காலில் வலி உள்ளவர்களுக்கு மறுபக்கத்திலிருந்து கம்பியில் தொங்கும் வண்டி உண்டு.) நகருக்குள் செங்கென் கோயிலையும் அந்த நூற்றாண்டிலேயே விமரிசையாகக் கட்டினார்கள். இந்த வேலைகளுக்காக நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் தச்சர்கள், சிற்பிகள், அரக்கு மெழுகுகிறவர்கள் வந்தார்கள். வேலை முடிந்தது. ஆனால் வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. தண்ணீரும் மரமும் தாராளம், குளிரும் கடுமையில்லை, இங்கேயே தங்கிவிட்டார்கள்.

கோயில் கட்டின கை சும்மா இருக்குமா? கண்ணாடி பதித்த அலங்காரப் பெட்டி செய்தது. மரச் செருப்புச் செய்தது. பெண் குழந்தைகளின் பண்டிகைக்குச் சாமான் செய்தது. இதைக் கேட்டால் நம் சகோதரிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். மார்ச் மாதம் 3ஆம் தேதி ஜப்பானில் 'ஹினா' பண்டிகை. சிவப்புத் துணி விரித்த படிகளில் ராஜா, ராணி, தோழிகள், வாத்தியக்காரர்கள் என்று பொம்மைகளை வரிசையாக வைப்பார்கள். சாட்சாத் நம் கொலுவேதான்! அந்தப் படிகளில் வைக்கும் விரலளவு அலமாரி, சுண்டுவிரலளவு தேநீர்ப் பாத்திரம், சக்கரம் உருளும் வண்டி முதலியவற்றைச் செய்வதில் ஷிஸுவோகாக்காரர்கள் மன்னர்கள். பெரிய பொருளைச் சிறியதாக, ஓர் அம்சமும் குறையாமல் செய்யும் வித்தை இந்த ஊர் விரல்களில் அப்படித்தான் ஊறியது.

பிறகு வந்தன மர விமானங்களும் மரக் கப்பல்களும். ஆவோஷிமா 1924இல் தொடங்கிய கம்பெனி. தமியா 1946இல் மரம் அறுக்கும் ஆலையாகப் பிறந்தது. யுத்தத்தில் எரிந்த ஊரில் மரத்துக்கா பஞ்சம், கிராக்கிக்கா பஞ்சம்? மிஞ்சிய மரத்தில் மாடல் செய்து பிழைத்தார்கள். ஆனால் 1950களின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து பிளாஸ்டிக் மாடல்கள் வந்து இறங்கின. பளபளவென்றிருந்த அவற்றின் முன்னால் மர மாடல்களைக் குழந்தைகள் திரும்பியும் பார்க்கவில்லை. தலைமுறை தலைமுறையாக உளி பிடித்த ஊருக்கு அது சாமான்ய சோதனை இல்லை. தமியா 1960இல் 'யாமாத்தோ' போர்க் கப்பலைப் பிளாஸ்டிக்கில் செய்து பார்த்தது, கையைச் சுட்டுக்கொண்டது. அடுத்து மோட்டார் வைத்து ஓடும் பாந்தர் டாங்கியை வெளியிட்ட பிறகுதான் மூச்சு வந்தது. உளியை வைத்துவிட்டு எஃகு அச்சு வெட்டக் கற்றுக்கொண்டது ஊர். வெட்டினது என்னவோ அதே கைதான்.

இனி நம் ரோபோவின் கதைக்கு வருவோம். 1979 ஏப்ரலில் 'குண்டம்' டெலிவிஷனில் சித்திரப் படமாக ஆரம்பமானது. டைரக்டர் தொமினோ யோஷியுகி. ரோபோக்களை வரைந்தவர் ஒகாவாரா குனியோ. விண்வெளியில் குடியேறியவர்களுக்கும் பூமிக்கும் சண்டை. பதினைந்து வயதுப் பையன் அமுரோ தற்செயலாக ஒரு ராட்சத இயந்திரத்தின் உள்ளே ஏறி அதை ஓட்ட நேர்கிறது. ஓட்டுகிறவனுக்குப் பயம் உண்டு, அழுகை உண்டு. எதிரியின் பக்கத்திலும் நல்ல மனிதர்கள் சாகிறார்கள். சிறுவர் படத்துக்கு இது கொஞ்சம் கனம்தான். பார்த்தவர்கள் குறைவு, கதையைச் சுருக்கி 43 வாரத்தோடு 1980 ஜனவரியில் மூட்டை கட்டிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் வேடிக்கை. ஷிஸுவோகாவில் மாடல் தொழிற்சாலை வைத்திருந்த பண்டாய் கம்பெனி, 1980 ஜூலையில் அந்த ரோபோவைத் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு 300 யென்னுக்கு விற்றது. முடிந்து போன படத்தின் பொம்மை! ஒரே வெள்ளைப் பிளாஸ்டிக். கோந்து வைத்து ஒட்டி, வர்ணமும் நாமே பூச வேண்டும். அது கடைகளில் தங்கவேயில்லை. படத்தை மறுபடி ஒளிபரப்பினார்கள். 1981இலும் 1982இலும் மூன்று சினிமாவாக வெளியிட்டார்கள். பீமசேனன் மட்டுமா, துரியோதனன் படையும் விற்றது! ஒற்றைக் கண்ணும் பச்சை உடம்புமாக வரும் 'ஸாக்கு' என்ற எதிரி ரோபோவை, ஒன்று போதாதென்று பட்டாளமாகவே வாங்கினார்கள் பையன்கள். 1982 ஜனவரியில் சிபா பகுதியில் ஒரு கடை திறந்ததும் பிள்ளைகள் முண்டியடித்து, நகரும் படிக்கட்டில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து காயப்பட்டார்கள். இன்று வரை விற்ற பெட்டிகள் எழுபது கோடிக்கும் மேல். படத்தைக் காப்பாற்றியது இந்தப் பெட்டி என்றால் மிகையில்லை.

பண்டாயின் தொழிற்சாலையைப் பார்க்க, ஷின்-ஷிஸுவோகாவிலிருந்து சின்ன ரயிலில் நகனுமா என்ற ஸ்டேஷனுக்குப் போனோம். இரண்டு பெட்டி வண்டி; நம் ஊர் டிராம் காலத்தை நினைவூட்டும் சாவதானம். 2006இல் கட்டிய கட்டடம். நினைத்தவர்களெல்லாம் நுழைந்துவிட முடியாது. வெளியிலிருந்து பார்த்துத் திருப்திப்பட்டோம். உள்ளே ஓர் அதிசய இயந்திரம் உண்டு. உருக்கிய பிளாஸ்டிக்கை நாலு நிறத்தில் ஒரே அச்சில் செலுத்தி, ஒரே சட்டத்தில் வெள்ளையும் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகத் துண்டுகளைக் கொடுத்துவிடும். அதனால்தான் இப்போது வர்ணமும் வேண்டாம், கோந்தும் வேண்டாம். அழுத்தினால் 'டிக்'கென்று பொருந்திக்கொள்கிறது.

நகரத்துக்குத் திரும்பி மாடல் கடைக்குள் நுழைந்தால் தலை சுற்றும். தரை முதல் கூரை வரை பெட்டிகள். முதன்முறை போகிறவர்கள் படத்தைப் பார்த்து மயங்கிப் பெரிய பெட்டியாகத் தூக்குவதுதான் வழக்கம். வேண்டாம். 144இல் ஒரு பங்கு என்ற அளவைக் கேளுங்கள். கதையில் 18 மீட்டர் உயரமுள்ளவன் கையில் பன்னிரண்டரை சென்டிமீட்டர் ஆகிவிடுவான். 60இல் ஒரு பங்கு என்று ஒரு ஜாதி இருக்கிறது. ஓரடி உயரம், நூற்றுக்கணக்கான துண்டுகள். அதைத் தொடங்கி வைத்துவிட்டு மூச்சு முட்டியவர்கள் அநேகம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கென்றே 'என்ட்ரி கிரேட்' என்று ஒரு வகை உண்டு. அதில் 2020இல் குண்டம் வந்தபோது விலை வரியோடு 770 யென். கையாலேயே பிய்த்து எடுக்கலாம், எந்த ஆயுதமும் வேண்டாம். அதற்கு அடுத்த படி 'ஹெச்.ஜி.' வகை. அக்கா மகள் முதல் வகையில் குண்டத்தையும், அடுத்த வகையில் பச்சை ஸாக்குவையும் எடுத்தாள். எதிரி ஏன் என்று கேட்டேன். "தனியாக இருந்தால் அவன் யாரோடு சண்டை போடுவான், சித்தி?" என்றாள். நியாயம்தானே!

விடுதி அறையில் குட்டை மேஜைமேல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்தேன். இது முக்கியம். உளுந்தளவு துண்டு கீழே விழுந்தால் பாயில் தேடிக் கண்டுபிடிப்பது பகீரதப் பிரயத்தனம். கைக்குழந்தை தவழும் வீடானால் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். இந்தத் துண்டுகள் வாய்க்குள் போகிற அளவுதான்.

குறிப்புப் புத்தகம் ஜப்பானிய பாஷையில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். எல்லாம் படம். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். படத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதை மட்டும் எடுத்து அங்கேயே பொருத்திவிட வேண்டும். சுத்தமாக வேலை செய்கிறோம் என்று எண்ணி, எல்லாத் துண்டுகளையும் முதலிலேயே பிய்த்துக் கிண்ணத்தில் குவித்து விடாதீர்கள். எண் அச்சாகியிருப்பது துண்டின்மேல் அல்ல, சட்டத்தின்மேல். பிய்த்துவிட்டால் எது எங்கே என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

குண்டம் சுமார் ஒரு மணி நேரத்தில் நின்றுவிட்டான். நடுவில் ஒரு சங்கடம். ஒரு துண்டைத் திருப்பிப் பொருத்தி அழுத்திவிட்டாள். மேலே எதுவும் சேரவில்லை. முகம் சிவந்தது. "எனக்கு வராது" என்று கையை எடுத்துவிட்டாள். அந்த நேரத்தில் பெரியவர்களுக்குக் கை பரபரக்கும். 'கொடு, நான் செய்கிறேன்' என்று வாங்கி முடித்துக் கொடுத்துவிடுவோம். நான் எழுந்து போய்ப் பச்சைத் தேநீர் ஊற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு நகத்தால் இடுக்கை நெம்பும் ஓசை, ஒரு பெருமூச்சு, அப்புறம் 'டிக்'.

ஸாக்குவுக்குக் கருவி வேண்டும். நிப்பர் என்று சிறிய வெட்டுக் குறடு விற்கிறார்கள்; ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அந்தப் பக்கம் துண்டை நோக்கி இருக்க வேண்டும். இதில் ஒரு சூட்சுமம். துண்டைச் சட்டத்தோடு பிணைக்கும் காம்பை ஒட்ட நறுக்கக் கூடாது. கொஞ்சம் காம்பு விட்டு முதலில் வெட்டிச் சட்டத்திலிருந்து விடுவித்துக்கொண்டு, பிறகு மிச்சத்தைத் தனியே நறுக்க வேண்டும். ஒரே வெட்டாக வெட்டினால் பிளாஸ்டிக் இழுபட்டு அந்த இடம் வெளுத்துவிடும்; பச்சை உடம்பில் தேமல் போல் தெரியும். பிறகும் மேடு தட்டினால் மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம். நம் கைப்பையில் கிடக்கும் நகம் ராவுகிற அரம் கூடப் போதும். கத்தி வேண்டியதில்லை, அக்காவுக்குக் கொடுத்த வாக்கும் தப்பவில்லை.

ஒட்டும் சித்திரங்களை எடுக்க என் புருவ இடுக்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மார்பிலும் கால்களிலும் உள்ள கோடுகளில் கறுப்பு மை இழுக்க மெல்லிய பேனா விற்கிறார்கள். இழுத்ததும் ஓரத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டால் உருவத்துக்கு உயிர் வந்துவிடுகிறது. கண்ணுக்கு மை தீட்டுவது போலத்தான். இது பையன்கள் சமாச்சாரமாம்!

ஸாக்கு முடிய இரண்டு மாலைகள் ஆயின. இரண்டாம் நாள் ராத்திரி ஒன்பதரைக்கு, கடைசியாகக் கோடரியைக் கையில் கொடுத்து, குண்டத்துக்கு எதிரே நிறுத்தினாள். ஒற்றைக் காலை முன்னால் வைத்து, முழங்காலை மடக்கி, தோளைத் திருப்பி... கால் மணி நேரம் அந்த நிலைக்கே செலவாயிற்று. படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினாள். கூட ஒரே வரி எழுதினாள்: "முடித்துவிட்டேன்."

உடனே டெலிபோன் அடித்தது. அக்காவின் குரலில் சந்தேகம். "நீ செய்து கொடுத்தாயா?" என்று என்னைக் கேட்டாள்.

"தேநீர் மட்டும்தான் நான் போட்டேன், அக்கா" என்றேன். சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு, "அவளிடம் கொடு" என்றாள். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

காலையில் அறையைக் காலி செய்யும்போது துண்டுகள் போன வெறும் சட்டங்கள் மேஜையில் கிடந்தன. குப்பையில் போட்டுவிடாதீர்கள். 2021 முதல் இவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி பிளாஸ்டிக்காகப் பயன்படுத்தும் ஏற்பாடு ஜப்பானில் நடக்கிறது. சில விளையாட்டு நிலையங்களில் அதற்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள். நான் சட்டங்களைக் காகிதப் பையில் போட்டுக் கட்டினேன். அவள் பையைப் பிரித்து, 'A' என்று எழுதிய ஒரு சட்டத்தை மட்டும் வெளியே எடுத்துத் தன் நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.